சாரின் டீசல் அம்பாசிடர்

சங்கிலிக் கப்பியில் பழைய பெட்ரோல் எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தபோது, சார் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். அன்றைக்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆனாலும் குடை. எஞ்சின் இருந்த இடம் வெறும் குழியாகி, ஒயர்களும் ரப்பர் குழாய்களும் நாலாபக்கமும் தொங்க, பார்க்கச் சகிக்காமல் கிடந்தது அந்த அம்பாசிடர். தொழில்காரனுக்கு அது பழகிப்போன காட்சிதான். சாருக்கு முகம் வெளிறிவிட்டது. இறக்கிய எஞ்சினை என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டார். கோவில்பட்டியில் ஒருவர் கேட்டிருக்கிறார், நாளைக்கே வண்டியில் ஏற்றிவிடுவேன் என்றேன். "நல்லா யோசிச்சாச்சுல்லா சார்? பொறவு வேணும்னா கெடைக்காது" என்று ஒரு வார்த்தை சொல்லியும் வைத்தேன். யோசித்தாயிற்று என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் என் பட்டறைக்கு வந்துபோன எத்தனையோ பேரில் சார் ஒருவர். பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். எனக்குப் பாடம் எடுத்தவர் அல்லர். ஊரே சார் என்றது, நானும் சார் என்றேன். சைவக் குடும்பம். நிலபுலமெல்லாம் அப்பா காலத்தோடு போய், வீடும் மானமும் மட்டும் மிச்சமிருந்தன. ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த அம்பாசிடரை வாங்கி, அதற்கு வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம் வைப்பார். வேகம் ஐம்பதைத் தாண்டியதில்லை. பின்னால் வரும் லாரிக்காரன் ஒலியெழுப்பியே ஓய்ந்துபோவான். "சார், உங்க வண்டிக்கு நாலாவது கியர் எதுக்கு, கழட்டி வேற யாருக்காச்சும் குடுத்துருவமா?" என்று கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் கோபித்ததே இல்லை.

பெட்ரோல் காரில் டீசல் எஞ்சினைப் பொருத்துவது அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்தில் அம்மை போலப் பரவியிருந்தது. இன்றைக்குப் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. எவனாவது வந்து கேட்டால் போய் வேலையைப் பாருலே என்று துரத்திவிடுகிறேன். அன்றைக்கு அப்படி இல்லை. பெட்ரோலில் லிட்டருக்கு எட்டோ ஒன்பதோ கிலோமீட்டர் தட்டுத்தடுமாறி ஓடும் அம்பாசிடர், டீசலில் பதினாலு பதினைந்து தரும். டீசலும் மலிவு. விபத்தில் நொறுங்கிய வேன்களின் எஞ்சின்களை மதுரையில் பிரித்து விற்பார்கள். நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுத்துவந்து, அம்பாசிடர் கியர் பெட்டியோடு சேர இடையில் ஒரு இரும்புத் தகடு கடைந்து, எஞ்சின் உட்காரும் தாங்கிகளை மாற்றிப் பற்றவைத்து, பெரிய ரேடியேட்டர் போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி. புத்தகத்தில் பதிந்து வாங்கிக் கொடுத்தால் முடிந்தது. அந்த வேலையில் என் கைக்குப் பெயர் இருந்தது. திருச்செந்தூர், சாத்தான்குளத்திலிருந்தெல்லாம் வண்டி வரும்.

ஆனால் டீசல் குலுக்கும். அதை மறைத்து நான் யாருக்கும் வேலை செய்ததில்லை. பெட்ரோல் எஞ்சினுக்கென்று செய்த உடம்பில் வேன் எஞ்சினை உட்காரவைத்தால் குலுக்காமல் என்ன செய்யும்? ஓட ஓடக் குலுக்கம் இரைச்சலோடு இரைச்சலாகக் கலந்து அடங்கிவிடும். நிற்கும்போதுதான் மோசம். அதைச் சாரிடம் சொன்னேன். "சரி வே, குலுங்கிட்டுப் போகுது. எனக்கு மைலேஜ்தான் வேணும்" என்றார். எதற்கு மைலேஜ் என்று நான் கேட்கவில்லை. வண்டிக்காரரிடம் வண்டியைப் பற்றி மட்டும் கேட்பது, வீட்டைப் பற்றிக் கேட்காமலிருப்பது என்பது பட்டறை மரியாதை. எதற்கென்று கேட்டால், தருவதற்குப் பணம் இருக்கிறதா என்று கேட்பதுபோல ஆகிவிடும். அடிக்கடி திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கிறது என்று அவராகவே சொன்னார். நானும் சும்மா இருக்காமல், "என்ன சார், பள்ளிகொண்ட பெருமாள வாராவாரம் பாக்கணுமா? சிவனுக்குக் கோவம் வந்துராம" என்றேன். சிரித்தார். இப்போது அதை எழுதும்போது எனக்கு என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வேலை முடிந்து முதல் முறை முடுக்கியபோது எதிர்த்த டீக்கடையில் கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்தன. சார் காதைப் பொத்தாமல் சமாளித்துக்கொண்டு நின்றார். வண்டியைக் கையில் கொடுக்கும்போது எல்லாரிடமும் சொல்லும் ஒரு புத்திமதியை அவரிடமும் சொன்னேன். நின்ற இடத்தில் எல்லாம் எஞ்சினை அணைக்காதீர்கள். டீசல் சும்மா ஓடினால் குடிப்பது கொஞ்சம்தான். அணைத்து அணைத்து முடுக்கினால் பேட்டரிதான் செத்துப்போகும். ரயில்வே கேட்டோ, சோதனைச் சாவடியோ, டீ குடிக்கிற இடமோ, அதுபாட்டுக்கு ஓடட்டும். டீசல் வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் செய்தார்கள். சார் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். முதல் தடவை போய்வந்ததும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பட்டறைக்கு வந்தார். "ஒருக்கப் போய்ட்டு வார செலவுல இனி ரெண்டு தடவ போய்ட்டு வந்துரலாம் வே" என்றார். அப்படி ஒரு நிம்மதியை அவர் முகத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

ஆறு மாதம் ஓடியது. ஒருநாள் ஆயில் மாற்ற வந்தார். பின் சீட்டில் அவர் மனைவி இருந்தார். சார் தன் மகள் ஜாதகத்தை ஒரு வரனுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று தபாலாபீசுக்கு நடந்து போனார். அந்த அம்மாள் இறங்கவில்லை. என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணாச்சி என்பார். நான் அவரை அக்கா என்பேன். எங்கள் ஊரில் அதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அக்கா முன்பைவிட ரொம்ப மெலிந்திருந்தார். ஆயில் மாற்றிவிட்டு எஞ்சினை முடுக்கி, சத்தத்தைக் கேட்கக் காதைக் கொடுத்தேன். தற்செயலாக உள்ளே இருந்த கண்ணாடியைப் பார்த்தால், அக்கா முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி கண்ணை இறுக மூடியிருந்தார். சட்டென்று அணைத்தேன். அணைத்ததும் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

என்ன அக்கா என்று கேட்டேன். நாலு வரியில் எல்லாவற்றையும் சொன்னார். மார்பில் வந்த நோய் எலும்பில் இறங்கிவிட்டது. இடுப்பிலும் முதுகிலும் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் வைத்தியம் நடக்கிறது. வெளியே ஒரு குருவிக்கும் தெரியாது. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள். அம்மாவுக்கு இந்த நோய் என்று காதில் விழுந்தால் வருகிற வரனெல்லாம் வாசலோடு திரும்பிவிடும். அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியாது, படுத்துத்தான் போக வேண்டும் என்பதால் பஸ் இல்லை, ரயில் இல்லை. வாடகைக் கார் வைத்தால் டிரைவர் ஊரெல்லாம் சொல்லிவிடுவான். அதனால்தான் சொந்தக் கார், சாரே டிரைவர். அந்தக் காருக்குப் பெட்ரோல் ஊற்றி மாளவில்லை என்றுதான் டீசல். நோயின் பெயரை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"ஓடும்போது எப்படியாச்சும் தாங்கிக்கிடுதேன் அண்ணாச்சி. நிக்கும்போதுதான் உசுரு போவுது. சார் நீங்க சொன்னீங்கன்னு அணைக்கவே மாட்டுக்காங்க" என்றார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே, "நான் சொன்னேன்னு அவங்களுக்கு ஒருநாளும் தெரியக் கூடாது. எனக்காகன்னு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்காங்க. அதுவே வலிக்குதுன்னு தெரிஞ்சா ஒடஞ்சி போயிருவாங்க" என்றார். சாமி மேல் ஆணை, சொல்ல மாட்டேன் என்றேன். ரயில்வே கேட்டில் கால் மணி நேரம், களியக்காவிளை சோதனைச் சாவடி வரிசையில் அரை மணி நேரம், ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு வாங்கிவரும் வரைக்கும் என்று, ஆறு மாதமாக என் புத்திமதி அந்த அம்மாளைப் பின் சீட்டில் கிடத்தி உலுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு வார்த்தை, எதுக்கு சார் மைலேஜ் என்று ஒரே ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பாரோ மாட்டாரோ, தெரியாது. நான் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

பெட்ரோல் எஞ்சினைத் திரும்பப் போட வழியில்லை. அது கோவில்பட்டி போய் வேறொரு வண்டியில் ஓடிக்கொண்டிருந்தது. சார் வந்ததும் தாங்கியில் ஒரு விரிசல் இருக்கிறது என்று பொய் சொல்லி, இரண்டு நாள் வண்டியை நிறுத்திக்கொண்டேன். எஞ்சின் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கெட்டி ரப்பரை எடுத்துவிட்டு மிருதுவான ரப்பரை இரட்டை இரட்டையாக வைத்தேன். பின் சீட்டைக் கழற்றி அடியில் ஸ்பாஞ்சு அடுக்கினேன். எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன். பழைய குலுக்கத்தில் பாதி குறைந்தது. சாரிடம், இனிமேல் நின்ற இடத்தில் எல்லாம் அணைத்துவிடுங்கள் என்றேன். அவர் சும்மா விடுவாரா? "நீருதான வே அணைக்காதீங்கன்னீரு" என்றார். அது எஞ்சின் புதிதாக உட்கார்ந்திருந்தபோது சொன்னது, இப்போது பழகிவிட்டது, பேட்டரியும் பெரிது போட்டிருக்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பாடம் நடத்திய மனுஷன், நம்பாத பார்வை பார்த்தார். ஆனாலும் தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் மறுபடி வந்தபோது, சார் டயருக்குக் காற்று அடிக்கும் இடத்தில் நின்றிருந்த நேரம் பார்த்து, அக்கா பின் கண்ணாடியை இறக்கி, "இப்பப் பரவாயில்ல அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு நான் அன்று முழுக்க ஆகாயத்தில் நடந்தேன். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வோம். எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதும் பரவாயில்லை என்று அவர் சொல்வதும் அந்தப் பார்வையிலேயே முடிந்துவிடும். மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மேடையில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தே ஆசி சொன்னார். மூட்டுவலி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மகள் கோயம்புத்தூருக்குக் குடிபோனாள். அதன்பின் நாலு மாதம்கூட இல்லை, அக்கா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தேன், சார் வண்டியோடு வந்து நின்றார். சாவியை என் கையில் கொடுத்தார். "நீரு ஓட்டும். நான் பின்னால இருந்துக்கிடுதேன்" என்றார். எங்கே என்று கேட்டதற்கு, போகிற பாதைதான் என்றார். அக்காவைக் கூட்டிப்போன திருவனந்தபுரம் பாதை என்று எனக்குப் புரிந்துவிட்டது. கார் வாங்கிய நாளிலிருந்து அவர் அதன் பின் சீட்டில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. ஓட்டுகிறவனுக்குக் கையில் ஸ்டியரிங் இருக்கிறது, காலுக்கு வேலை இருக்கிறது, கண் சாலையில் இருக்கிறது, குலுக்கம் உறைக்காது. நாங்குநேரி தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன். சார் காலை மடக்கி, ஒருக்களித்துப் படுத்திருந்தார். நான் பள்ளம் பார்த்து, பைய ஓட்டினேன். படுத்தபடியே, "நீரு பைய ஓட்டாதீரும். நான் எப்படி ஓட்டுவேன்னு உமக்குத் தெரியும்லா, அப்படி ஓட்டும்" என்றார்.

பணகுடிக்குப் பக்கத்தில் காற்றாலைகள் தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் ஓரமாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். சாவியில் கை வைத்தேன். "அணைக்காதீரும்" என்றார்.

அணைக்கவில்லை. எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கதவுகள் கடகடவென்றன. பின்னால் படுத்திருந்த அறுபது வயது மனுஷர் அசையவில்லை. ரயில்வே கேட்டில் ஒரு வண்டி போகும் நேரம் இருக்கும், அதற்கும் மேலே இருக்கும். நான் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. நான் ரப்பர் மாற்றி, ஸ்பாஞ்சு அடுக்கி, பாதியாகக் குறைத்த குலுக்கம் அது. நோய் இல்லாத எலும்பில் அவர் அதை வாங்கிக்கொண்டிருந்தார். அக்கா முதல் ஆறு மாதம் பட்டது அதைப்போல இரண்டு பங்கு. பிறகு சார் "போதும் வே" என்றார். அணைத்தேன். எழுந்து உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்துத் துடைத்து மாட்டவே இல்லை.

"எத்தன தடவ கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒரு நாள் வலிக்குதுன்னு சொன்னதில்ல. கேட்டா, நல்லா ஒறக்கம் வருதுன்னுவா" என்றார். பிறகு, "உம்மகிட்டயாவது சொன்னாளா வே?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

சார் எதையோ எதிர்பார்த்துக் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அதற்கடுத்த நொடிதான் உறைத்தது. அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "அப்ப அவளுக்குச் சொல்லுததுக்கு ஒரு ஆளுகூட இல்லாமப் போச்சு" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் நான் உடைந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். வண்டியைத் திருப்பச் சொன்னார், திருப்பினேன்.

அக்காவுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று ரொம்ப நாள் என்னை நானே ஏய்த்துக்கொண்டிருந்தேன். வாக்கும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு கணத்தில் முன்னே வந்து நின்றது பயம். சொன்னார் என்று சொன்னால், என்ன சொன்னார் என்று கேட்பார். நிற்கும்போது அணைக்காமல் விட்டதுதான் வதைத்தது என்று சொல்ல வேண்டிவரும். அணைக்காதீர்கள் என்று சொன்னவன் யார்? நான். அந்த மனுஷரின் முன்னால் அந்தப் பழியோடு உட்கார எனக்குத் தைரியம் இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள, அக்காவை ஒற்றையாளாக ஆக்கிவிட்டேன். அந்த அம்மாள் ஒற்றையாக இல்லை. ஒரு ஆளிடம் சொன்னார். சொன்னதற்குப் பலனும் இருந்தது. கண்ணாடியை இறக்கி, பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சாருக்கு இந்த உலகத்தில் அன்றைக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அது என் கையில் இருந்தது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளினேன். நாளைக்குச் சொன்னால் நேற்று ஏன் மறைத்தாய் என்று வரும். அந்த நாளைக்கு ஒரு வாரமாயிற்று, மாதமாயிற்று. சார் மகளோடு இருக்கக் கிளம்பினார். வண்டியை என்னிடமே விட்டு, யாராவது நல்லவர்களாகப் பார்த்துக் கொடுத்துவிடும் என்றார். ரயிலேற்றிவிட ஜங்ஷனுக்குப் போனேன். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, இதோ இப்போது சொல்லிவிடுவோம் என்று ஜன்னலோரம் வந்து நின்றேன். எதிர் சீட்டில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். தீபாவளிக்கு ஊருக்கு வருவேன் என்றார். அப்போது பட்டறையில் உட்காரவைத்து ஆர அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கும் அது வசதியாகப் போயிற்று. தீபாவளிக்கு முன்னாலேயே மகளிடமிருந்து போன் வந்தது. அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளை என்னிடம் ஆறுதல் எதிர்பார்த்து அழுதது.

அதற்குப் பிறகு எந்தக் காரிலும் நான் டீசல் எஞ்சின் மாற்றவில்லை. அதனால் என்ன, தண்டனையா, பரிகாரமா, ஒன்றுமில்லை. வேலை நின்றது, அவ்வளவுதான். இப்போது பட்டறைக்கு வருகிற எல்லாரிடமும் எதற்கு, யாருக்கு, வீட்டில் யார் பின்னால் உட்காருவார்கள் என்று குடைந்து குடைந்து கேட்கிறேன். கிழவனுக்கு என்ன கேள்வி என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். நான் சாரிடம் சொல்லாமல் விட்டது பெரிய கதை ஒன்றும் இல்லை. "சொன்னாங்க சார், என்கிட்ட சொன்னாங்க." இவ்வளவுதான். சொல்லி முடிக்க இரண்டு நொடி ஆகுமா? பணகுடியிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல், சார் எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்.